வன்தட்டை ஒழுங்குபடுத்தும் கட்டளைகள்: ஒரு மதிப்பீடு

"என் கணிப்பொறி வரவர ஊர்கிறது" என்று எவரிடமாவது சொல்லிப் பாருங்கள். "டீஃப்ராக் போட்டீர்களா?" என்பதே பெரும்பாலும் முதல் மறுமொழியாக வரும். காய்ச்சல் என்றால் கஷாயம் என்பதுபோல இதுவும் ஒரு கைமருந்தாகிவிட்டது. கைமருந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. சில நோய்களுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனால் எந்த நோய்க்குக் கேட்கும், எதற்குக் கேட்காது, எந்த உடம்புக்கு ஆகாது என்பதை மருந்துப் புட்டியின்மேல் எழுதியிருக்க வேண்டும் அல்லவா? அந்த ஒரு கேள்வியை வைத்தே இக்கட்டளைகளை எடைபோடப் போகிறேன். வேலையைச் சரியாகச் செய்கின்றனவா என்று பார்ப்பதோடு, செய்யுமுன் உங்களிடம் உண்மையைச் சொல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

படமும் பொத்தானும் உள்ள நிரல்களை விட்டுக் கறுப்புத் திரையில் தட்டச்சிடும் கட்டளைகளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் வேலை தொடங்கிவிடுகிறது. கட்டளையிடமோ, "எதையும் நகர்த்தாதே, ஆராய்ந்து மட்டும் சொல்" என்று கேட்கலாம். கேள்வி கேட்க இடங்கொடுக்கும் கருவியைத்தானே மதிப்பிட முடியும்?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். வார இதழில் வந்த தொடர்கதை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வாரம் வந்த கதை நாற்பது இதழ்களில் கிடக்கிறது. இதழ்களோ அலமாரியின் பல அடுக்குகளில் கிடக்கின்றன. கதையைப் படிக்க வேண்டுமானால், எந்தப் பகுதி எந்த இதழில் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் எடுத்து வரவேண்டும். கதையில் ஓர் எழுத்தும் குறையவில்லை; ஆனால் படிக்கும் நேரத்தைவிட நடக்கும் நேரமே மிகுதி. பொறுமை உள்ளவர்கள் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லும் வன்தட்டிலும் இதுவே நடக்கிறது. ஒரு கோப்பை எழுதும்போது தொடர்ச்சியான காலியிடம் கிடைக்காவிட்டால், கிடைத்த இடங்களில் துண்டு துண்டாக எழுதிவிட்டு, எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியலைக் கணிப்பொறி வைத்துக்கொள்கிறது. துண்டுகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பதே டீஃப்ராக் வேலை, அதாவது பைண்டு செய்யும் வேலை.

இதனால் எவ்வளவு காலம் வீணாகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் தட்டு நொடிக்கு 120 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. நமக்கு வேண்டிய இடம் காந்தத் தலையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 4 மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். அதற்குமுன் தலை வேறு தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி நொடி ஆகும். ஆக, ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாவ 13 மில்லி நொடி. நொடிக்கு 100 மெகாபைட் படிக்கும் தட்டில் 40 மெகாபைட் கோப்பு ஒரே துண்டாக இருந்தால் 0.4 நொடியில் படித்து முடியும். அதே கோப்பு 500 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் தாவுவதற்கே 6.5 நொடி போய்விடும். மடிக்கணினிகளில் வரும் 5400 சுற்றுத் தட்டில் இன்னும் கூடுதல். நோய் கற்பனையன்று என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆனால் இதே கணக்கை மறுபக்கமும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் 64 மெகாபைட் அளவுள்ளதாக இருந்தால், ஒரு துண்டைப் படிக்க 640 மில்லி நொடி, அடுத்ததற்குத் தாவ 13 மில்லி நொடி. வீணாவது நூற்றுக்கு இரண்டு. ஒவ்வொரு வார இதழிலும் முந்நூறு பக்கம் கதை வந்திருந்தால் எழுந்துபோய் அடுத்த இதழை எடுப்பது ஒரு பொருட்டா? அதைப் பைண்டு செய்ய ஒருவரும் மெனக்கெட மாட்டார்கள். கோப்பு எத்தனை துண்டு என்பதைவிட ஒவ்வொரு துண்டும் எவ்வளவு பெரிது என்பதே முக்கியம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இனிக் கருவிகளைப் பார்ப்போம்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட எம்எஸ்-டாஸ் 6-ல் டீஃப்ராக் என்ற கட்டளை வந்தது. நார்ட்டன் பெயரில் விற்ற நிரலைச் சிமான்டெக் நிறுவனத்திடமிருந்து உரிமம் பெற்றுச் சேர்த்தார்கள். அதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திரை முழுவதும் சிறுசிறு கட்டங்கள். படிக்கும் கட்டத்தில் ஆர் என்ற எழுத்து, எழுதும் கட்டத்தில் டபிள்யூ, நகர்த்தக் கூடாத கட்டத்தில் எக்ஸ், கெட்டுப்போன கட்டத்தில் பி. வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. நானும் ஒருவன். ஒவ்வொரு கட்டமும் தட்டின் பெரியதொரு பரப்பைக் குறிப்பதால் அந்தப் படம் துல்லியமானதன்று. இருந்தும் அந்த பி எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்குப் பின்னால் வருவேன். விண்டோஸ் 98 காலத்தில் இதே வேலைக்கு உட்கார்ந்தவர்களுக்கோ வேறு சோதனை. பின்னணியில் ஏதாவது ஒரு நிரல் தட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும், தட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது என்று அறிவித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும்!

விண்டோஸ் என்டி வரிசையின் கதை வேறு. 1996-ல் வந்த என்டி 4.0-ல் கோப்புத் துண்டுகளைப் பாதுகாப்பாக நகர்த்தும் உட்கூறு இருந்தது. அதைப் பயன்படுத்தும் கருவியைத்தான் தரவில்லை. விண்டோஸ் 2000-ல் டிஸ்க்கீப்பர் என்ற வணிக நிரலின் குறைக்கப்பட்ட வடிவம் வந்தது. அதைப் படத்திரையில் மட்டுமே இயக்கலாம். 2001-ல் எக்ஸ்பி வந்தபோதுதான் கட்டளை வரியிலும் டீஃப்ராக் கிடைத்தது. அன்றிலிருந்து இன்றைய விண்டோஸ் 11 வரை பெயர் மாறவில்லை. செய்யும் வேலை பெரிதும் மாறிவிட்டது. என் முதற்குறை இங்கேதான் தொடங்குகிறது.

அதற்குமுன் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகி உரிமையுடன் கறுப்புத் திரையைத் திறந்து, டீஃப்ராக் என்று அடித்து, தட்டின் எழுத்தையும், சாய்கோட்டுடன் ஏ என்ற எழுத்தையும், மற்றொரு சாய்கோட்டுடன் வி என்ற எழுத்தையும் சேர்த்தால், எதையும் நகர்த்தாமல் விரிவான அறிக்கை ஒன்றைத் தருகிறது. சிதறிய கோப்புகள் எத்தனை, ஒரு கோப்புக்குச் சராசரி எத்தனை துண்டு, தொடர்ச்சியான காலியிடத்தில் மிகப் பெரியது எவ்வளவு என்றெல்லாம் வருகிறது. கடைசியாகச் சொன்ன வரி பலர் படிக்காமல் விடுவது. ஆனால் அறிக்கையிலேயே பயன்மிக்க வரி அதுதான். அந்த எண் சிறிதாக இருந்தால், இனி எழுதப்போகும் பெரிய கோப்புகளும் சிதறத்தான் போகின்றன என்று பொருள்.

விஸ்டா காலத்திலிருந்து 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை இக்கட்டளை இயல்பாகவே கண்டுகொள்வதில்லை. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் இது மிகச் சரியான முடிவு. அதை விளக்கும் முறையோ சரியில்லை. அறிக்கையின் வாலில் ஒரே ஒரு வரி, அவ்வளவு பெரிய துண்டுகள் கணக்கில் சேரவில்லை என்கிறது. ஏன் சேர்க்கவில்லை என்று ஒரு சொல் இல்லை. வேறு கருவியால் அளந்துவிட்டு, "இது பாதியைத்தான் பார்க்கிறது, ஏமாற்றுகிறது" என்று வாதிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏமாற்றவில்லை, பேசத் தெரியவில்லை. விஸ்டாவில் பழைய கட்டப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். இன்னொரு பெரிய குறை: எந்தக் கோப்பு சிதறிக் கிடக்கிறது என்று அந்த விரிவான அறிக்கையிலும் பெயர் சொல்வதில்லை. ஊரில் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று அறிவித்துவிட்டு, யார் யாருக்கு என்று சொல்ல மறுக்கும் சுகாதார அதிகாரியைப் போன்றது இது.

அந்தக் குறையைத் தீர்ப்பது கான்டிக். மார்க் ரஸ்ஸினோவிச் எழுதிய சிறு கருவி. அவருடைய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பை 2006-ல் மைக்ரோசாஃப்டே வாங்கிக்கொண்டது. இது தட்டு முழுவதையும் உழுவதில்லை. நீங்கள் பெயர் சொல்லும் ஒரு கோப்பை மட்டும் பார்க்கிறது. எத்தனை துண்டு என்று சொல்கிறது. கேட்டால் அதை மட்டும் ஒன்றுசேர்க்கிறது. கணிப்பொறியில் இலட்சக்கணக்கான கோப்புகள் இருந்தாலும் நாள்தோறும் நாம் காத்திருப்பது இரண்டு மூன்றுக்காகத்தான்: ஒரு தரவுத்தளம், ஓர் அஞ்சல் பெட்டகம், ஒரு மெய்நிகர் கணிப்பொறியின் தட்டுக் கோப்பு. அவற்றை மட்டும் கவனித்தால் போதும் என்ற எண்ணமே இக்கருவியின் சிறப்பு. குறிப்பிட்ட நீளத்தில் ஒரு கோப்பைத் தொடக்கத்திலேயே ஒரே துண்டாக உருவாக்கித் தரவும் இதனால் முடியும். வந்தபின் மருந்து கொடுப்பதைவிட இது மேல். காலியிடமே சிதறிக் கிடந்தால் கான்டிக்கால் அதிகம் செய்ய முடியாது. அது அதன் வேலையும் அன்று.

இனி லினக்ஸ் பக்கம் வருவோம். லினக்ஸில் கோப்புகள் சிதறவே சிதறா என்று ஒரு பேச்சு உண்டு. இது முழு உண்மையன்று. ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைகள், எழுத வேண்டியதைச் சற்று நேரம் நினைவகத்தில் நிறுத்திவைத்து, மொத்த அளவு தெரிந்தபின் தக்க இடம் பார்த்து எழுதுகின்றன. ஆகவே சிதறல் குறைவு. தட்டு நிறைந்துவிட்டால் அங்கும் சிதறல்தான். ஃபைல்ஃப்ராக் என்ற கட்டளை ஒரு கோப்பு எத்தனை துண்டு என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஈ4டீஃப்ராக் என்பது ஒன்றுசேர்க்கும் கருவி. அதை சி என்ற எழுத்துடன் ஏவினால் ஆராய்ச்சி மட்டும் செய்கிறது. அப்போது மோசமான கோப்புகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்களைத் தருகிறது: இப்போது எத்தனை துண்டு, மிக நன்றாக வைத்தால் எத்தனை துண்டாக இருக்கும். அருகிலேயே துண்டின் சராசரி அளவும் வருகிறது. பிறகு ஒரு மதிப்பெண்: 30 வரை கவலையில்லை, 31 முதல் 55 வரை சிறிது சிதறல், 56-க்கு மேல் சீரமைப்பு வேண்டும். நோயாளியின் உடல் வெப்பத்தைச் சொல்லும்போதே இயல்பான வெப்பம் எவ்வளவு என்றும் சொல்கிற மருத்துவரைப் போல இது நடந்துகொள்கிறது. நான் பார்த்த அறிக்கைகளில் இதுவே நேர்மையானது என்பேன்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் லினக்ஸிலேயே உண்டு. சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் 1990-களில் உருவான எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறையை ஆராயும் கட்டளை, சிதறலை ஒரு விழுக்காடாகத் தருகிறது. இருக்கும் துண்டுகளிலிருந்து இருக்க வேண்டிய துண்டுகளைக் கழித்து, வந்ததை இருக்கும் துண்டுகளால் வகுக்கிறார்கள். ஆயிரம் கோப்புகள் தலைக்கு இரண்டு துண்டாக இருந்தால் 50 விழுக்காடு. தலைக்கு நான்கு என்றால் 75. தலைக்குப் பத்து என்றால் 90! பத்து துண்டு என்பது நூறு மெகாபைட் கோப்புக்குத் தொல்லையாக இருக்கலாம்; பத்து ஜிகாபைட் கோப்புக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 90 விழுக்காடு என்ற எண்ணைக் கண்டவுடன் பயந்துபோகாதவர் யார்? இதில் வேடிக்கை, அதை எழுதியவர்களே பின்னாளில் அந்த எண்ணுக்குக் கீழே, இவ்வெண்ணுக்குப் பெரும்பாலும் பொருளில்லை என்று கட்டளை தானே அச்சிடும்படி செய்துவிட்டார்கள். கூடவே ஒரு கோப்புக்குச் சராசரி எத்தனை துண்டு என்பதையும் சேர்த்தார்கள். தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்ளும் கட்டளையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாராட்டுவதா, பொருளில்லாத எண்ணை எதற்கு இன்னும் அச்சிடுகிறாய் என்று கேட்பதா? இரண்டும் செய்யலாம்.

பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஒரே தரவைப் பல பிரதிகள் பங்கிட்டுக்கொள்ளும். சீரமைக்கும் கட்டளை அந்தப் பங்கீட்டை முறித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரதி எழுதிவிடும். இடம் ஒழுங்காகும் என்று தொடங்கினால் இடமே தீர்ந்துபோகலாம்.

இதுவரை சொன்னது சுழலும் தட்டுகளைப் பற்றியது. இன்று புதிதாக வாங்கும் மடிக்கணினியில் பெரும்பாலும் சுழலும் தட்டே இல்லை. எஸ்எஸ்டி எனப்படும் மின்னணுச் சேமிப்பகம்தான் இருக்கிறது. அதில் தலையுமில்லை, தடமுமில்லை. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக 13 மில்லி நொடிக்குப் பதிலாக 0.1 மில்லி நொடி அளவே ஆகும். நம்முடைய 500 துண்டுக் கோப்பில் வீணாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு. அன்றியும், எந்த முகவரியில் எழுதச் சொன்னாலும் அதன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு தனக்கு ஏற்ற இடத்தில்தான் எழுதுகிறது. நாம் வரிசைப்படுத்துவது பட்டியலைத்தானே தவிர, இதழ்களை அன்று. ஒவ்வொரு எழுத்தும் அதன் ஆயுளில் சிறிதைத் தின்கிறது என்பதும் உண்மை. ஆகவே பழைய கைமருந்து இந்த உடம்புக்கு ஆகாது.

அதற்கு வேண்டியது வேறு: ட்ரிம். அழித்த கோப்புகள் இருந்த இடம் இனி வேண்டாம் என்று சேமிப்பகத்துக்குத் தெரிவிப்பது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதைப் புரிந்துகொண்டு படத்திரைக் கருவியின் பெயரையே மாற்றியது. கட்டளையின் பெயரோ டீஃப்ராக் என்றே நின்றுவிட்டது. இன்று அதே கட்டளையுடன் எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் ட்ரிம் செய்யும். டி எழுத்தைச் சேர்த்தால் பழைய முறைச் சீரமைப்பு. ஓ எழுத்தைச் சேர்த்தால் சேமிப்பகத்தின் வகையைப் பார்த்து அதற்கு ஏற்றதைச் செய்யும். இவற்றில் எது இயல்பு என்று உதவிக் குறிப்பைப் பார்த்தால், டி என்று இருக்கிறது. எழுத்து எதையும் சேர்க்காமல் தட்டுபவர்கள் பெரும்பாலும் விவரம் அறியாதவர்கள். அவர்களுக்கு வேண்டியது ஓ அன்றோ? இதை வடிவமைப்புப் பிழை என்றே நான் சொல்வேன்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டியை ஒருபோதும் சீரமைக்கக் கூடாது என்ற விதியும் கெட்டியானதன்று. ஒரு கோப்பின் துண்டுப் பட்டியல் எவ்வளவு நீளலாம் என்பதற்குக் கோப்பு முறையிலேயே எல்லை உண்டு. அதைத் தொட்டுவிட்டால் கோப்பு மேலும் வளர முடியாது. பழைய நிலைக்குத் திரும்ப உதவும் நிழற்பிரதி வசதி இயங்கும்போது, விண்டோஸ் தானாகவே மாதம் ஒருமுறை எஸ்எஸ்டியையும் ஓரளவு சீரமைக்கிறது. மாதம் ஒருமுறை என்பதில் தவறில்லை. ஆனால் 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில், கடைசியாக எப்போது செய்தோம் என்பதையே அக்கருவி மறந்துபோய், தேவைக்கு மேல் செய்துகொண்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் திருத்தம் வந்தது.

சுழலும் தட்டுகளிலும் ஒரு புது வகை வந்திருக்கிறது. ஓட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்குவதுபோலத் தடங்களை ஏற்றி எழுதுபவை. நடுவில் ஒரு தடத்தை மாற்ற அடுத்துள்ள தடங்களையும் திருப்பி எழுத வேண்டும். அதில் முழுச் சீரமைப்பு நாட்கணக்கில் இழுக்கலாம். இவற்றுள் பல தம் வகையைக் கணிப்பொறிக்குத் தெரிவிப்பதே இல்லை. ஆகவே கட்டளையைக் குறை கூற முடியாது. விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த பி எழுத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்குமுன் என் பழைய கணிப்பொறி ஒரு படத்தைத் திறக்கவே நிமிடக்கணக்கில் எடுத்தது. ஆராயச் சொன்னேன்; சிதறல் நூற்றுக்குப் பதினேழு என்று வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து, இரவு படுக்கப் போகுமுன் முழுச் சீரமைப்பை ஏவிவிட்டேன். காலையில் பார்த்தால் பாதி வழியில் நின்றிருந்தது. தட்டிலிருந்து டக் டக் என்று ஓசை. பதினொரு ஆண்டுக் குறிப்புகளில் மூன்று ஆண்டுகளுக்குரியவை போயின. மெதுவாக இருந்ததற்குச் சிதறல் காரணமே அன்று. தட்டு செத்துக்கொண்டிருந்தது, கெட்டுப்போன பகுதிகளை மீண்டும் மீண்டும் படிக்க முயன்றதால்தான் அந்தத் தாமதம். அந்த நிலையில் தட்டு முழுவதையும் படித்து, மறுபடி எழுதும் வேலையை நானே கொடுத்தேன். 1993-ஆம் ஆண்டுக் கருவியாவது கெட்டதென்று குறிக்கப்பட்ட கட்டங்களைத் திரையில் பி என்று காட்டியது. அன்று என் முன் வந்த அறிக்கையில் காலியிடத்தின் சராசரி அளவுகூட இருந்தது. தட்டின் உடல்நிலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஆகையால் உங்களிடம் சுழலும் தட்டுள்ள பழைய கணிப்பொறி இருந்தால், சீரமைப்புக் கட்டளையைத் தொடுமுன் முக்கியமானவற்றை வேறிடத்தில் படியெடுங்கள். அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் என்ற இலவசக் கட்டளையால் தட்டின் நலத்தைப் பாருங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் அது இயங்கும். மாற்றப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு வரிகளில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் சீரமைக்க வேண்டாம். புதுத் தட்டு வாங்குங்கள். படியெடுத்ததை அதில் கொட்டும்போது கோப்புகள் பெரும்பாலும் தாமாகவே ஒரே துண்டாக அமைந்துவிடும். பூச்சியம் என்றால், ஏ எழுத்துடன் ஆராய்ச்சி. பிறகு, நீங்கள் நாள்தோறும் காத்திருக்கும் அந்த ஒரு கோப்பின்மேல் கான்டிக்கை ஏவிப் பாருங்கள். முன்னும் பின்னும் அது திறக்க எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியை ஒருமுறை நிறுத்தி இயக்கிய பிறகு அளப்பது அவசியம். இல்லாவிட்டால் நினைவகத்தில் ஏற்கெனவே இருக்கும் பிரதியைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.